மன்னிப்பும் ஒப்புதலும்

வகுப்பறை யன்னற் கண்ணாடி உடைந்த நாளில் ஒரு மாணவனைச் சந்தேகித்தேன். “மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வா” என்றேன். “செய்யாததுக்கு எப்பிடி சேர் மன்னிப்புக் கேக்கிற?” என்று வாசலிலேயே நின்றான். என்னிடம் பதில் இருக்கவில்லை. அமெரிக்காவின் மன்னிப்பு நடைமுறையைப் பற்றி வாசித்தபோது அந்தக் கேள்வி மீண்டும் வந்து நின்றது.

அமெரிக்க அரசியல் யாப்பின் இரண்டாம் உறுப்புரை, சமஷ்டிக் குற்றங்களை மன்னிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு வழங்குகிறது. விண்ணப்பங்களை நீதித் திணைக்களத்தின் மன்னிப்பு அலுவலகம் ஆராய்கிறது. சிறையிலிருந்து வெளிவந்து 5 வருடங்கள் கழிந்திருக்க வேண்டும்; சிறைத்தண்டனை இல்லையெனில் தீர்ப்பு நாளிலிருந்து கணக்கு. உறவினரல்லாதோரின் நற்சான்றுகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்த குற்றத்துக்குப் பொறுப்பேற்றாரா, வருந்தினாரா என்று பார்ப்பார்கள். இவ்விதிகள் ஜனாதிபதியைக் கட்டுப்படுத்தமாட்டா என்பது வேறு விடயம். 2025 ஜனவரியில், 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதல் தொடர்பில் ஏறத்தாழ 1500 பேர் ஒரே பிரகடனத்தால் மன்னிக்கப்பட்டனர். அங்கே எவரிடமும் வருத்தம் கேட்கப்படவில்லை.

உண்மையில் குற்றம் செய்தவருக்கு இவ்விதிகள் நியாயமானவையே. மன்னிப்புக் கிடைத்தாலும் தீர்ப்பு பதிவேட்டிலிருந்து அழிவதில்லை. ஆனால் இழந்த உரிமைகளை மீளப்பெற வழி பிறக்கிறது. நடந்தது நடந்ததாகவே இருக்க, மனிதன் மாறியிருக்கிறான் என்பதை அரசு ஏற்றுக்கொள்கிறது. மறதியைவிட இது மேலானது.

குற்றமே செய்யாமல் தண்டிக்கப்பட்டவர் என்ன செய்வார்? மன்னிப்பு என்பது குற்றமின்மைக்கு அத்தாட்சியல்ல என்கிறது திணைக்களம். ‘நான் நிரபராதி’ என்று விண்ணப்பிப்பவர் மிகக் கடினமான நிரூபணச் சுமையைத் தூக்கவேண்டும். பொறுப்பேற்றால் பொய், ஏற்காவிட்டால் கதவு திறப்பது அரிது.

1914இல் நியூயோர்க் ட்ரிபியூன் பத்திரிகையின் ஜோர்ஜ் பேர்டிக், செய்தி தந்தவர் யாரென்று சொல்ல மறுத்தார். பதில் தன்னையே குற்றத்தில் மாட்டக்கூடும் என்றார். அந்தக் காரணத்தை இல்லாமற் செய்ய ஜனாதிபதி வில்சன் மன்னிப்பை நீட்டினார். பேர்டிக் அதை வாங்கவில்லை. மன்னிப்பில் குற்றச்சாட்டும், அதை ஏற்பதில் ஒப்புதலும் அடங்கியுள்ளன என்ற உயர் நீதிமன்றம், 1915இல் அவரது மறுப்பைச் சரியென்றது.

பேர்டிக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவரல்லர். அவரால் மறுக்க முடிந்தது. தீர்ப்பின் பாரத்தோடு வேலை தேடி அலையும் ஒருவர், பிள்ளைகளுக்காகச் செய்யாததை ஒப்புக்கொண்டால் அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. குறை, நீதியைக் கேட்டு வந்தவரிடம் கருணை விண்ணப்பத்தை நீட்டும் அரசினுடையது. பிழையாகத் தண்டித்த இடத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டியது அரசுதான்.

கண்ணாடியை உடைத்தது யாரென்று கடைசிவரை தெரியவரவில்லை. மறுநாள் அந்தப் பையனிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.