உகந்தது எது? நீர்ப் பொறியியலில் பரிணாமப் படிமுறைகள்

நீர்வளப் பொறியியலில் பயன்படும் பரிணாமப் படிமுறைகள் உயிரினங்களின் பரிணாமத்தைப் பார்த்து உருவானவை. கணினி முதலில் தற்செயலாகச் சில நூறு தீர்வுகளை உண்டாக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் தகுதி மதிப்பெண் இடுகிறது. மேலான மதிப்பெண் பெற்றவற்றைக் கலந்து, ஆங்காங்கே திடீர்மாற்றம் செய்து, அடுத்த தலைமுறையைப் பெறுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாலண்ட் 1975இல் வெளியிட்ட நூல் இதற்கு அடித்தளமிட்டது. அவருடைய மாணவர் டேவிட் கோல்ட்பர்க் அதை எரிவாயுக் குழாய்வழிகளில் பயன்படுத்திக் காட்டினார். 1990களில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் குடிநீர்க் குழாய்களுக்குக் கொண்டுவந்தார்கள்.

இயற்கைத் தேர்வுக்கு இலக்கு கிடையாது. பிழைத்துச் சந்ததி விட்டது எதுவோ, அதற்குத்தான் தகுதி இருந்தது என்று பிற்பாடு சொல்லப்படுகிறது. கணினியில் அப்படியல்ல, முதல் தலைமுறை பிறக்கும் முன்பே தகுதி என்றால் என்ன என்பதைப் பொறியாளர் எழுதி வைத்துவிடுகிறார். ஆகவே இந்தப் படிமுறைகளுக்குக் காட்டில் நடக்கும் பரிணாமத்தைவிட, புறாவும் மாடும் வளர்ப்போர் செய்யும் தேர்வே நெருங்கிய உறவு. டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் முதல் அதிகாரமே வளர்ப்பு உயிரினங்களைப் பற்றியதுதான். எந்தக் குணம் வேண்டும் என்று தீர்மானிப்பவர் வளர்ப்பவர், பொறுப்பும் அவருடையது. ‘கணினியே கண்டுபிடித்தது’ என்ற பேச்சு அந்தப் பொறுப்பை மறைத்துவிடுகிறது.

நியூயார்க் நகரச் சுரங்கக் குழாய்களின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். ஹில்வியூ நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரும் பழைய சுரங்கங்கள் பெருகிவந்த தேவைக்குப் போதவில்லை. எந்தெந்தப் பகுதியில், எவ்வளவு விட்டத்தில் இணைச் சுரங்கம் அமைப்பது என்பதே கேள்வி. மொத்தம் 21 பகுதிகள். ஒவ்வொன்றிலும் 15 விட்டங்களில் ஒன்றைத் தேரலாம், அல்லது எதுவும் அமைக்காமல் விடலாம். சேர்க்கைகளின் எண்ணிக்கை 2க்குப் பின் 25 சுழியங்கள் இட்ட எண்ணுக்குச் சற்றுக் குறைவு. நொடிக்குப் பத்து லட்சம் வீதம் சோதித்தாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது. 1969இல் ஷாக்கே, லாய் இருவரும் தந்த விடைக்கு ஏறத்தாழ 7.8 கோடி டாலர் செலவாகும். 1996இல் அடிலெய்ட் குழுவின் மேம்பட்ட மரபியல் படிமுறை அதை 3.88 கோடிக்குக் கொண்டுவந்தது.

மறு ஆண்டே இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாவிச், வால்ட்டர்ஸ் இருவரும் 3.71 கோடி, 4.04 கோடி என இரண்டு விடைகளை வெளியிட்டார்கள். ஒரே கணக்குக்கு ஏன் இரண்டு விடைகள்? உராய்வால் அழுத்தம் குறைவதைக் கணக்கிடும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில் வரும் ஓர் எண் மாறிலியை ஆய்வாளர்கள் சற்றே வெவ்வேறு மதிப்பில் எடுத்தாள்கிறார்கள். ஒரு மதிப்பில் தேறும் வடிவமைப்பு இன்னொன்றில் தோற்றுப்போகிறது. மிகமிக மலிவான தீர்வு எப்போதும் விதிமுறையின் விளிம்பில் நிற்பதே காரணம். இந்தக் கணக்கில் பெரும்பாலான முனைகளில் அழுத்த மட்டம் 255 அடிக்குக் குறையக்கூடாது. குறையும் ஒவ்வோர் அடிக்கும் இத்தனை டாலர் தண்டம் என்று மதிப்பெண்ணில் கழிப்பது வழக்கம். அந்தத் தண்டத் தொகை வெறும் கணக்குக்கருவி போலத் தோன்றினாலும், ஒரு பகுதி மக்களின் தண்ணீர்க் குறைக்கு இடப்பட்ட விலையாகவும் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

படிமுறைகளை மேம்படுத்தும் முயற்சிகளில் பெரும்பகுதி தேடலைப் பற்றியது: தீர்வுகளின் கூட்டம் முன்கூட்டியே ஒரே சாயலுக்கு வந்து தேங்காமல் பார்ப்பது, நீரியல் கணக்கீட்டின் நேரத்தைக் குறைப்பது போன்றவை. பயனுள்ள வேலைதான். ஆனால் எல்லாச் சிக்கல்களுக்கும் சேர்த்துச் சராசரி பார்த்தால் எந்தத் தேடல்முறையும் மற்றொன்றைவிடச் சிறந்ததல்ல என்று வோல்பர்ட், மெக்ரெடி இருவரும் 1997இல் நிறுவினார்கள். குறிப்பிட்ட சிக்கலைப் பற்றிய அறிவை உள்ளே வைத்தால்தான் முன்னேற்றம் உண்டு.

தத்துவ நோக்கில் பெரிய முன்னேற்றம் பலநோக்குப் படிமுறைகளே. கான்பூர் ஐஐடியில் கல்யாண்மய் தேவ் குழு உருவாக்கி 2002இல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 இவற்றில் மிகவும் பரவியது. ஒரு நோக்கத்தில் இழக்காமல் மற்றொன்றில் முன்னேற முடியாத தீர்வுகளின் வரிசையை அது தருகிறது. தேர்ந்தெடுப்பது மனிதரின் வேலையாகிறது. எடுத்துக்காட்டாக, வலைபோன்ற குழாயமைப்பில் ஒரு வழி உடைந்தாலும் இன்னொரு வழியாகத் தண்ணீர் வரும். செலவை மட்டும் குறைக்கச் சொன்னால் படிமுறை அந்த மாற்றுவழிகளை வீணென்று ஒடுக்கிவிடும். எட்சியோ டோடினி 2000இல் முன்வைத்த மீள்திறன் குறியீடு, செலவோடு இந்தத் தாங்குதிறனையும் தராசில் வைக்க வழி செய்தது.

தராசில் வைக்கப்படாதது எதுவோ, அதைப் படிமுறை ஒருபோதும் காணாது. அணைக்குக் கீழே மீன்பிடிப்போர், கடைமடை உழவர் ஆகியோரின் தேவை எழுதப்படாத கணக்கில், எவ்வளவு கூர்மையான தேடலும் அவர்களைக் கைவிடும். எனவே நீர்த்திட்ட அறிக்கைகள் விடையோடு நிற்காமல், எதை நோக்கமாகக் கொண்டார்கள், குறைக்கு எவ்வளவு தண்டம் வைத்தார்கள், எந்த மாறிலியை எடுத்தார்கள் என்பதையும் மக்களுக்குப் புரியும் மொழியில் வெளியிட வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை தண்ணீர் பெறும் ஒவ்வொருவருக்கும் உண்டு.