பேரின்பம் என்னும் சொல்



அம்மனின் திருவருளால் மலரும் இச்சிறப்பு மலரில், நாம் கேட்டுப் பழகிய ஒரு சொல்லைப் பற்றிச் சிந்திக்க விழைகின்றேன். பேரின்பம் என்பதே அச்சொல். பெருமை, இன்பம் என்னும் இரண்டும் சேர்ந்து உண்டானது. (செக்ரோலில் விழும் ‘பேருக்கும்’ இதற்கும் சம்பந்தமில்லை!) வடமொழியில் ஆனந்தம், பரமானந்தம் என்பர். தில்லையில் கூத்தபிரான் ஆடுவதும் ஆனந்தத் தாண்டவமே.

லயத்து வாசலில் நாம் அதிகம் சொல்வது சந்தோசம். அயலிலுள்ள சிங்களச் சகோதரரும் அதே சொல்லைத்தான் சொல்கின்றனர். போதும் என்ற மனநிறைவே அதன் மூலப்பொருள். திருமூல நாயனார் நியமம் பத்தினுள் ஒன்றாக அதனை வைத்துள்ளார். களிப்பு என்ற சொல்லோ கள்ளுக்கு உறவானது. ‘மகிழ்’ என்பதற்கும் பழந்தமிழில் கள் என்ற பொருள் உண்டு. பரவசம் என்பது பிறிதொன்றின் வசமாதல். கரகம் பாலித்து வரும்போது தப்பு ஒலியில் மெய்மறந்து அம்மன் வசமாவதும் பரவசம். அதே இரவில் லயத்துக்குப் பின்னால் சாராயத்தின் வசமாகிக் கிடப்பவரும் ‘ஆனந்தமாக இருக்கிறேன்’ என்கிறார். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோமே, இது தகுமா?

தைத்திரீய உபநிடதம் ஆனந்தத்தைக் கணக்குப் போட்டே காட்டுகிறது. வாலிபன் ஒருவன், கல்வியும் உறுதியும் பலமும் உடையவன், செல்வம் நிறைந்த பூமி முழுவதும் அவனுக்கே சொந்தம். அவனுடைய ஆனந்தம் மனித ஆனந்தத்தில் ஓர் அலகு. அதைப் போல் நூறு மடங்கு மனித கந்தர்வருக்கு. அதனினும் நூறு மடங்கு தேவ கந்தர்வருக்கு. இவ்வாறு பிதிரர், தேவர்கள், இந்திரன், பிரகஸ்பதி, பிரஜாபதி என ஏறிப் பிரம்மானந்தத்தில் முடிகிறது. மொத்தம் பத்துப் படிகள். நூறை நூறால் பெருக்கிக் கொண்டே போனால் ஒன்றுக்குப் பின் 20 பூச்சியங்கள் வரும். கந்தோரில் பல வருடம் லெட்ஜர் எழுதிய எனக்கே அத்தொகையை எப்படி வாசிப்பதென்று தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் உபநிடதம் ஒன்றை விடாமல் சொல்கிறது: வேதம் உணர்ந்து ஆசையால் தாக்கப்படாதவனுக்கும் அதே ஆனந்தம் உண்டு.

அவ்வாறாயின், இருப்பதைக் கொண்டு பேசாமல் கிடக்க வேண்டுமா? இல்லை. தந்தை வருணனிடம் உபதேசம் கேட்ட பிருகு, தவம் இருந்து முதலில் அன்னமே பிரம்மம் என்று உணர்ந்தான். அதன் பின்பே பிராணன், மனம், விஞ்ஞானம், கடைசியில் ஆனந்தம். அன்னத்தை இகழலாகாது என்பதை ஒரு விரதமாகவே அந்நூல் விதிக்கிறது. ஆகவே வயிறு காய்ந்தவரிடம் போய் ‘சந்தோசமாக இரு’ என்பது உபதேசமாகாது. உழைத்த கூலியை நியாயமாகக் கேட்பதும் ஆசை ஆகாது. அவ்வாறே, பெண்சாதி கொழுந்து பறித்துக் கொண்டுவந்த சம்பளத்தைத் திருவிழாவின் பெயரால் குடித்துத் தீர்ப்பவர், ஆனந்தத்தின் முதற் படியையே உதைத்துத் தள்ளுகிறார். பிள்ளைகளின் அன்னமல்லவா போத்தலுக்குள் போகிறது!

1892 இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனனார், 1924 இல் துறவு பூண்டபோது விபுலானந்தர் என்ற திருநாமம் பெற்றார். விபுலம் என்றால் விசாலமானது, பெரியது. ஆகப் பேரின்பம் என்பதே அவருக்குப் பெயராயிற்று. அப்பெயரைத் தாங்கிய அடிகளார் குகை தேடிப் போகவில்லை. மட்டக்களப்பில் பாடசாலை கட்டி, ஏழைப் பிள்ளைகளின் கல்வியையும் உணவையும் தம் பொறுப்பாக ஏற்றார். தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தார். ‘யாழ் நூல்’ அரங்கேறிய 1947 ஆம் ஆண்டிலேயே இறைவனடி சேர்ந்தார்.

இந்தப் பட்டிப்பொல 6,000 அடிக்கு மேலுள்ள ஊர். இலங்கையில் மிக உயரத்திலுள்ள புகையிரத நிலையம் நம்முடையது. இக்குளிரில் விடியுமுன் எழுந்து அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிச் சமைப்பவர்கள் நமது தாய்மாரே. ஆனால் பந்தியில் ஆண்கள் முதலில் அமர, அத்தாய்மாருக்குக் கடைசியில் கிடைப்பது அடிச்சட்டிச் சோறு. இம்முறை சமைத்தவர்களையும் முதற் பந்தியிலேயே அமர்த்த வேண்டுமெனப் பரிபாலன சபையில் கேட்டுள்ளேன். பரிமாற ஆட்கள் தேவை. முன்வரும் வாலிபர்கள் கொடியேற்றத்துக்கு முன்பு என்னிடம் பெயர் பதிந்து கொள்ளவும்.