கரி படாத கீற்று

போன சித்திரையில் எங்கள் தெருவில் மூன்று குடிசைகள் எரிந்தன. நான்காவது எரியவில்லை, பிரிக்கப்பட்டது. தீயணைப்பு வண்டி வருமுன் ஓடிவந்தவர்களில் ஒருவர், பந்தல் போடுபவர், அதன் கூரையில் ஏறி அரிவாளால் கட்டுகளை அறுத்துக் கீற்றைச் சரித்துத் தள்ளினார். தீ அத்தோடு நின்றது.

மறுநாள் அந்த வீட்டு அக்கா ஒரு கீற்றை என்னிடம் நீட்டினாள். “பாரு தம்பி, ஒரு பொட்டுக் கரி இருக்கா?”

இல்லை. தை மாதம்தான் வேய்ந்தது. கணக்கெடுக்க வந்தவர் எரிந்த மூன்று வீடுகளை எழுதிக்கொண்டு போய்விட்டார். அரிசியும் வேட்டி சேலையும் பணமும் அவற்றுக்குத்தான். இவள் வீட்டில் தீயே படவில்லையே!

சின்ன வயதில் தாத்தா வீட்டு இறவாணத்தில் ஒரு துறட்டி செருகியிருக்கும். முருங்கைக்காய் பறிக்க என்றே நினைத்திருந்தேன். கோடையில் காற்று எழும்புமுன் சோற்றை வடித்து அடுப்பை அவித்துவிடுவாள் பாட்டி. பின்னாளில் அர்த்தசாஸ்திரத்தைப் புரட்டியபோது இருவரையும் அங்கே பார்த்தேன். கோடை நடுப்பகலில் அடுப்பு மூட்டத் தடை. வீட்டில் குடம், ஏணி, கோடரி, முறம், கொக்கி வைத்திருக்க வேண்டும். (முறம் எதற்கு என்று நெடுநேரம் யோசித்தேன். புகையை விசிறவோ என்னவோ.) தீயை அணைக்க ஓடிவராத வீட்டுக்காரனுக்கு 12 பணம் தண்டம், வாடகைக்கு இருப்பவனுக்கு 6.

ஓடிவராதவனுக்குத் தண்டம், சரி. ஓடிவந்து, எரியாத வீட்டைப் பிரித்தவனுக்கு? அதைப் படித்த நினைவில்லை.

1666-இல் லண்டன் எரிந்தபோது மேயர் பிளட்வொர்த் வீடுகளை இடிக்கத் தயங்கினார். இழப்பை யார் கொடுப்பது என்று கவலை. 13,000-க்கு மேற்பட்ட வீடுகள் போயின. அவரை இன்றும் ஏளனம் செய்கிறார்கள். கரி படாத அந்தக் கீற்றைக் கையில் வாங்கிய பிறகு எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம். அவர் உடனே இடித்துத் தீயும் நின்றிருந்தால், இடிபட்ட வீட்டுக்காரர்கள் ஆயுளுக்கும் அவரைச் சபித்திருப்பார்கள். எதிலிருந்து தப்பினோம் என்று அவர்களுக்கு யார் காட்டியிருக்க முடியும்?

கூலியில்லாமல் தீயில் இறங்குபவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார் என்றுதான் பேசுகிறோம். அடுத்தவர் கூரையையும் சேர்த்துத்தான் வைக்கிறார். சீருடை போட்டவர் பிரித்தால் அவர் துறை துணை நிற்கும். இவருக்கு என்ன இருக்கிறது?

“காத்து அவ வீட்டுப் பக்கம்தான் அடிச்சுது” என்கிறார் பந்தல்காரர். அதற்குள் திரும்பிவிட்டது என்கிறாள் அக்கா. இருவரும் அங்கேயே நின்றவர்கள். கூலி வாங்காமல் வேய்ந்து தருவதாக அவர் போய்ச் சொன்னார். அவள் வேறு ஆளை வைத்து வேய்ந்துகொண்டாள்.

ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து அவளுக்குக் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். “அப்ப அவரு பிரிச்சது தப்புன்னு ஆயிடாதா?” என்றார் ஒருவர். ஆகாது என்றேன். கொடுக்காவிட்டால் அடுத்த முறை எல்லாரும் அரிவாளை எடுக்கத் தயங்குவார்கள். கொடுத்தால் யோசிக்காமலே எடுப்பார்களோ என்று வீடு திரும்பும்போது தோன்றியது. இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.