பதவியைக் கேட்டு வாங்கலாமா?

2005 அக்டோபரில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலக் கல்வி வாரியத்துக்கு ஒரு மறுப்பு வந்து சேர்ந்தது. பள்ளி அறிவியலுக்கான புதிய தரநிலைகளை வாரியம் அப்போது எழுதி முடிக்கும் கட்டத்தில் இருந்தது. பரிணாமக் கோட்பாட்டின் மேல் சந்தேகம் எழுப்பும் பகுதிகள் அதில் இடம்பெற்றிருந்தன. இயற்கையான காரணங்களைத் தேடுவதே அறிவியல் என்ற வரையறையையும் வாரியம் தளர்த்தியிருந்தது. ஆனால் அந்த ஆவணத்தின் பல பகுதிகள் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் வெளியீட்டிலிருந்தும் தேசிய அறிவியல் ஆசிரியர் சங்கத்தின் வெளியீட்டிலிருந்தும் எடுத்தவை. இரண்டு அமைப்புகளும் சேர்ந்து, தங்கள் எழுத்தைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று அறிவித்துவிட்டன. நவம்பரில் 6-க்கு 4 என்ற கணக்கில் வாரியம் தரநிலைகளை நிறைவேற்றியது. மறு ஆண்டுத் தேர்தலில் வாரியத்தின் பெரும்பான்மை மாறியது. 2007 பிப்ரவரியில் அதே 6-க்கு 4 என்ற கணக்கில் அந்தத் தரநிலைகள் நீக்கப்பட்டன.

மறுப்புச் சொன்ன இரண்டு அமைப்புகளில் ஒன்று, நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானிகள் கூடும் கழகம். மற்றொன்று 1944-இல் தொடங்கிய ஆசிரியர் சங்கம். அன்றாட நிர்வாகத்துக்குச் சம்பளம் வாங்கும் அலுவலர்கள் அங்கே உண்டு. ஆனால் சங்கம் எந்தப் பக்கம் நிற்கும், எதற்குக் குரல் கொடுக்கும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு, உறுப்பினர்கள் வாக்களித்து அனுப்பும் ஆசிரியர்களிடமும் பேராசிரியர்களிடமும் இருக்கிறது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தலைவராகத் தேர்வாகிறவர் உண்மையில் மூன்று ஆண்டுகளுக்குக் கட்டுப்படுகிறார்: முதல் ஆண்டு அடுத்த தலைவராக, இரண்டாம் ஆண்டு தலைவராக, மூன்றாம் ஆண்டு விலகிச் செல்லும் தலைவராக. வகுப்பு, விடைத்தாள், குடும்பம் எல்லாவற்றுக்கும் இடையில் கூட்டங்களுக்கும் மாநாடுகளுக்கும் ஓட வேண்டும்.

இந்த வேலைக்கு ஒருவர் தானாக முன்வந்து, எனக்கு வாக்களியுங்கள் என்று கேட்கலாமா? கேட்கிறவரை நம்பலாமா? பணமில்லாத பதவிக்கு ஆசைப்படுகிறவர் வேறு எதற்கு ஆசைப்படுகிறார்?

சங்க விதிகளில் இதற்கு விடை இல்லை. ஆனால் மதங்களும் தத்துவமும் இந்தக் கேள்வியோடு வெகுகாலம் மல்லுக்கட்டியிருக்கின்றன. அவை சொன்ன விடைகளும் ஒரே மாதிரியானவை அல்ல.

கேட்கிறவருக்குக் கொடுக்காதே என்பது முதல் விடை. நபிகள் நாயகத்திடம் இரண்டு பேர் பொறுப்பு கேட்டு வந்தபோது, பதவியைத் தேடி வருகிறவரிடம் அதை ஒப்படைப்பதில்லை என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. குவேக்கர் என்றழைக்கப்படும் கிறிஸ்தவ நண்பர் சபையினர் பொதுவாக வாக்கெடுப்பே நடத்துவதில்லை. எந்தப் பணிக்கு யார் பொருத்தம் என்று ஒரு குழு நிதானமாக யோசித்துப் பெயரை முன்வைக்கும். சபை கூடி அமைதியில் அமர்ந்து அதை ஏற்கும். பஹாய் சமயத்தார் வாக்களிக்கிறார்கள், அதுவும் ரகசிய வாக்கு. ஆனால் அங்கே வேட்புமனு கிடையாது, பிரசாரம் கிடையாது, யாருக்குப் போடலாம் என்று பேசிக்கொள்வதும் கூடாது. ஒவ்வொரு உறுப்பினரும் பிரார்த்தனைக்குப் பின் தம் மனசாட்சிப்படி ஒன்பது பெயர்களை எழுதுகிறார். அவர்களுடைய தலைமை அமைப்பான உலக நீதிமன்றம் 1963-இல் ஹைஃபாவில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இந்த முறையில்தான்.

பிளேட்டோவும் ஏறக்குறைய இந்தப் பக்கமே நிற்கிறார். நல்லவர்கள் பணத்துக்காகவும் ஆள வரமாட்டார்கள், புகழுக்காகவும் வரமாட்டார்கள் என்று 'குடியரசு' நூலின் முதல் பகுதியில் சாக்ரடீசைப் பேச வைக்கிறார். பிறகு ஏன் வருவார்கள்? மறுத்தால் கிடைக்கும் தண்டனைக்குப் பயந்து. தம்மைவிடத் தாழ்ந்தவரின் ஆட்சிக்குக் கீழ் இருக்க நேர்வதே அந்தத் தண்டனை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆசையே இல்லாதவரைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தால் வேலை நடக்குமா? இதை அந்தந்த மரபுக்குள் இருந்தவர்களே கேட்டிருக்கிறார்கள். திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில், எகிப்து மன்னரிடம் யூசுஃப் நபி நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்கும்படி தாமே கேட்கிறார். காக்கவும் தெரியும், விஷயமும் தெரியும் என்று தம் தகுதியையும் சொல்கிறார். ஏழு ஆண்டு விளைச்சலும் அதன்பின் ஏழு ஆண்டுப் பஞ்சமும் வரப்போவதை மன்னரின் கனவிலிருந்து விளக்கியவர் அவர். அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றிருந்தால் அடக்கம் காப்பாற்றப்பட்டிருக்கும், மக்கள் பட்டினியில் மாண்டிருப்பார்கள். கேட்காதே என்ற ஹதீஸையும் கேட்ட நபியையும் எப்படிப் பொருத்துவது என்று இஸ்லாமிய அறிஞர்கள் நீண்ட காலம் விவாதித்திருப்பதில் வியப்பில்லை.

பௌத்தத் துறவிகளின் விதிநூலான வினயபிடகத்தில் வரும் தப்ப மல்லபுத்தரின் கதை, அறிவியல் ஆசிரியர் சங்கத்துக்கு இதைவிடவும் நெருக்கமானது. ராஜகிருகத்து வேணுவனத்தில் அவர் தனியே இருந்தபோது, தான் அடைய வேண்டியதை அடைந்தாயிற்று, இனிப் பிக்குச் சங்கத்துக்கு என்ன தொண்டு செய்யலாம் என்று யோசிக்கிறார். பிக்குகளுக்குத் தங்குமிடம் ஒதுக்குவதையும் அன்றாட உணவு அழைப்புகளைப் பங்கிடுவதையும் தான் செய்யலாமே என்று தோன்றுகிறது. புத்தரிடம் போய்ச் சொல்கிறார். புத்தர் ஆமோதிக்கிறார், ஆனால் தாமே நியமித்துவிடவில்லை. முதலில் தப்பரின் சம்மதத்தைக் கேளுங்கள், பிறகு சங்கத்தின் முன் முறைப்படி அறிவியுங்கள், ஆட்சேபம் உள்ளவர் பேசட்டும், யாரும் பேசாவிட்டால் ஒப்புதல் என்று கொள்ளுங்கள் என்கிறார்.

அவர் வேலை செய்த விதத்தை வினயபிடகம் விரிவாகவே சொல்கிறது. சூத்திரம் ஓதுகிறவர்களை ஒரே இடத்தில் தங்கவைத்தார், அவர்கள் சேர்ந்து ஓதட்டும் என்று. விதிமுறை ஆராய்கிறவர்களுக்கு ஓரிடம், தியானம் செய்கிறவர்களுக்கு வேறோரிடம், ஒருவர் மற்றவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று. இரவில் வந்து சேர்ந்தவர்களைத் தன் விரலில் எழும் ஒளியைக் காட்டியே அழைத்துப் போனாராம். இது கட்டில், இது நாற்காலி, இது கழிப்பிடம், இது குடிதண்ணீர், இந்த நேரத்துக்கு உள்ளே வர வேண்டும், இந்த நேரத்துக்கு வெளியே போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுத் திரும்புவார். விரலில் ஒளி எழுந்ததை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கழிப்பிடத்தையும் குடிதண்ணீரையும் காட்டிக் கொடுத்ததுதான் அவருடைய தலைமை.

நல்ல பெயர் மட்டும் கிடைத்ததா? இல்லை. மேத்தியர், பும்மஜகர் என்ற இருவரின் குழுவுக்கு ஒரு வீட்டில் மட்டமான உணவு கிடைத்தது. அந்த வீட்டுக்காரர் செய்ததற்குத் தப்பர்தான் காரணம் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். ஒரு பிக்குணியைத் தூண்டி அவர் ஒழுக்கத்தின் மேலேயே பழி சுமத்தினார்கள். விசாரணையில் பழி பொய்யென்று தெரிந்தது. ஆதாரமில்லாமல் குற்றம் சாட்டுவதற்கு எதிரான விதி பிறந்தது அந்தச் சம்பவத்திலிருந்துதான். சம்பளமில்லாமல் பங்கிடுகிறவரைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள் என்பது பழைய செய்தி.

கேட்கிறவருக்குக் கொடுப்பதா கூடாதா என்ற வாதத்தையே விட்டுவிட்டு, ஆசையைக் கணக்கிலேயே எடுக்காத வழியும் உண்டு. அது சீட்டுப் போடுவது. யூதாசின் இடத்துக்கு இருவர் பெயர் வந்தபோது அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டு மத்தியாஸைத் தேர்ந்ததாக விவிலியம் சொல்கிறது. 2012 நவம்பரில் கெய்ரோவில் கோப்டிக் திருச்சபைக்குப் புதிய தலைவர் வேண்டியிருந்தது. வாக்கெடுப்பில் மூன்று பெயர்கள் முன்வந்தன. கடைசியில் கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன் கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து எடுத்த சீட்டில் இருந்த பெயர் இரண்டாம் தவத்ரோஸ். காஞ்சிபுரம் பக்கத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளிலும் ஒரு சிறுவன் வருகிறான். 30 குடும்புகளின், அதாவது ஊர்ப் பிரிவுகளின், ஓலைகள் குடத்தில் விழும், விவரம் அறியாத பிள்ளை ஒன்றை எடுப்பான், மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் அதை வாங்குவான்.

ஆனால் சீட்டு விழுவதற்கு முன்பே சல்லடை போட்டுவிடுகிறார்கள். உத்தரமேரூரில் வரி செலுத்தும் நிலம், சொந்த மனை, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் குடத்துக்குள்ளேயே வர முடியாது. அது அந்தணர் சபை. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அங்கே இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழங்கால ஏதென்சிலும் பெரும்பாலான பதவிகள் சீட்டில்தான் நிரம்பின. ஆனால் பதவியேற்கும் முன் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பெற்றோரை நன்றாக நடத்துகிறாயா, வரி கட்டினாயா, படைக்குப் போனாயா என்று கேட்டார்கள். பதவி முடிந்ததும் கணக்கைத் தணிக்கை செய்தார்கள். தளபதிகள் பத்துப் பேரைச் சீட்டுக்கு விடாமல் வாக்களித்துத் தேர்ந்தார்கள். தவறினால் உயிர் போகும் வேலைக்குக் குருட்டு அதிர்ஷ்டம் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இத்தனை மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். பொறுப்பைக் கேட்பது குற்றமல்ல. எந்த வேலைக்காகக் கேட்கிறோம் என்று சொல்லாமல் கேட்பதுதான் குற்றம். யூசுஃப் கேட்டது களஞ்சியத்தை, தப்பர் கேட்டது படுக்கைகளையும் உணவுப் பங்கீட்டையும். இருவரும் இருக்கையைக் கேட்கவில்லை. கேட்டபின் முடிவைத் தம் கையில் வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒருவருக்கு மன்னரின் ஒப்புதல் வேண்டியிருந்தது, மற்றவருக்குச் சபையின் ஒப்புதல்.

அதனால் சுமை வேட்பாளரைவிட வாக்காளர் மேல்தான் அதிகம் விழுகிறது. அறிவியல் ஆசிரியர்களின் நிலை இங்கேதான் கொஞ்சம் உறுத்துகிறது. சான்று இல்லாமல் எதையும் ஏற்காதே என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவர்கள், சங்கத் தேர்தல் வந்தால் ஒரு புகைப்படத்தையும் ஒரு பத்தி வாழ்க்கைக் குறிப்பையும் பார்த்து வாக்களிக்கிறார்கள். பெரும்பாலான தொழில்முறைச் சங்கங்களில் அப்படி வாக்களிக்கிறவர்களே உறுப்பினர்களில் சிறு பகுதிதான். அந்தக் குறிப்பில் விருதுகள் இருக்கும், பட்டங்கள் இருக்கும். யாருக்காக எந்தக் கூட்டத்தில் பேசினார், எந்தப் பணத்துக்குக் கணக்குக் கொடுத்தார் என்பது இருக்காது.

பிக்குச் சங்கத்தில் பங்கிடும் பொறுப்பு ஏற்கிறவருக்கு வினயபிடகம் ஐந்து தகுதிகள் வைக்கிறது. விருப்பத்தால் சாயக் கூடாது, வெறுப்பால் சாயக் கூடாது, அறியாமையால் சாயக் கூடாது, பயத்தால் சாயக் கூடாது, எது கொடுக்கப்பட்டது எது கொடுக்கப்படவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். நான்கு மனத்தைப் பற்றியவை, ஐந்தாவது கணக்கைப் பற்றியது. இந்தப் பட்டியல் இன்றைக்கும் அப்படியே செல்லும். கான்சாஸுக்கு மறுப்புச் சொன்ன மறு ஆண்டே அதே ஆசிரியர் சங்கம் வேறொரு சோதனையைச் சந்தித்தது. பருவநிலை மாற்றம் பற்றிய 'அன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' ஆவணப்படத்தின் 50,000 டிவிடிகளைப் படத்தின் தயாரிப்புத் தரப்பு ஆசிரியர்களுக்கு இலவசமாக வழங்க முன்வந்தது. வெளியாருடைய பொருளைப் பரிந்துரைப்பது தங்கள் கொள்கைக்கு ஒவ்வாது என்று சங்கம் வாங்க மறுத்தது. எண்ணெய் நிறுவனத்திடம் பெற்ற நன்கொடைதான் காரணம் என்று தயாரிப்பாளர் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். சங்கம் அதை மறுத்தது. உண்மை எதுவாயினும், தலைமையில் இருப்பவர் விருப்பத்துக்கும் பயத்துக்கும் சாயாதவர் என்று உறுப்பினர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அப்படிப்பட்ட நாளில் அவரை நம்ப முடியும். தேர்தல் முடிந்தபின் அந்த நம்பிக்கையைத் தயாரிக்க முடியாது.

வள்ளுவரும் இதே வரிசையில்தான் போகிறார். ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரம், தெளிந்தபின் வேலையை ஒப்படைப்பதற்கு அடுத்த அதிகாரம். குற்றமே இல்லாதவர் கிடைப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. குணத்தையும் குற்றத்தையும் எடைபோட்டு மிகுந்ததைக் கொண்டு முடிவு செய்யச் சொல்கிறார். நம்பியபின் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பதையும் கண்டிக்கிறார். மேத்தியரும் பும்மஜகரும் எல்லாக் காலத்திலும் எல்லாச் சங்கத்திலும் உண்டு. அவர்களுக்குக் காது கொடுக்கிறவர்கள் இருக்கும்வரை நல்ல ஆசிரியர் எவரும் வேட்புமனுவில் கையெழுத்திடத் தயங்கத்தான் செய்வார்.

ஆசிரியர்கள் அடிக்கடி சொல்லும் பதில் ஒன்று உண்டு: நமக்கெதற்கு வம்பு, வகுப்பைப் பார்த்துக்கொண்டால் போதும். பிளேட்டோ சொன்ன தண்டனை அங்கே காத்திருக்கிறது. பாடத்திட்டத்தில் எது இருக்க வேண்டும், ஆய்வகத்துக்கு எவ்வளவு பணம், எந்தப் பாடத்தை எந்த வகுப்பில் நடத்துவது என்று ஆசிரியர் சார்பில் யாரோ பேசத்தான் போகிறார்கள். ஒதுங்கியவர் அந்த யாரோவின் முடிவைத்தான் நாளைக்குக் கரும்பலகையில் எழுத வேண்டியிருக்கும்.

எனவே ஆசிரியர் சங்கங்களில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்போது, ஆய்வகப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்தவர், மாநாட்டில் கடைசி ஆள் போகும்வரை நாற்காலி அடுக்கியவர், கூட்டத்தில் தலைமையாசிரியர் முன்னிலையிலும் மாற்றுக் கருத்தை மரியாதையோடு சொன்னவர் யார் என்று யோசியுங்கள். அவரிடம் போய் முதலில் சம்மதம் கேளுங்கள். அவர் பெயரை முன்மொழியுங்கள், என்ன வேலை செய்யப் போகிறார் என்று நாலு பேர் முன்னால் சொல்லச் சொல்லுங்கள், ஆண்டு முடிவில் கணக்கையும் கேளுங்கள். அப்படி யாரும் நினைவுக்கு வரவில்லையென்றால், உங்கள் பெயரையே கொடுத்துவிடுங்கள்.