இடிக்கப்பட்ட படிக்கட்டு

விஞ்ஞானத்தைப் பொதுமக்கள் முன் செய்து காட்டும் விழாக்கள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. பெற்றோர் தம் மக்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கின்றனர். தொலைநோக்கியில் வியாழனைக் கண்டு வியக்கின்றனர். மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர். இது நன்றே. ஆயினும் இங்கே ஓர் அறவியல் வினா எழுகின்றது. அறிந்தவர் தாம் அறிந்ததை ஏனையோருக்குக் காட்டுவது கருணையா, கடனா? கருணையெனின், யாருக்கு, எவ்வளவு காட்டுவது என்பதைக் கொடுப்பவரே தீர்மானிப்பார். கடனெனின், கேட்கும் உரிமை பெறுபவருக்கு உண்டு.

இலண்டனில் 1799ஆம் ஆண்டு நிறுவப்பட்ட றோயல் இன்ஸ்ரிரியூஷன் என்னும் விஞ்ஞானக் கழகத்தின் வரலாறு இவ்வினாவின் வரலாறாகவும் அமைந்துள்ளது. அதன் விரிவுரை மண்டபத்தை அமைத்த தோமஸ் வெப்ஸ்ரர், தொழிலாளரும் விஞ்ஞானம் கற்கவேண்டும் என்ற எண்ணமுடையவர். அவர்கள் மேல்மாடத்தில் அமர்ந்து கேட்பதற்கெனத் தனியான படிக்கட்டொன்றும் அமைக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின் அச்சம் ஆங்கிலச் செல்வர்களின் நெஞ்சைவிட்டு அகலாத காலம் அது. உழைப்பாளிக்கு விஞ்ஞானம் புகட்டுவது அரசியல் ஆபத்தாக முடியும் என அவர்கள் அஞ்சினர். சில ஆண்டுகளுக்குள் வெப்ஸ்ரரின் திட்டம் ஓசையின்றிக் கைவிடப்பட்டது, படிக்கட்டும் இடிக்கப்பட்டது.

அந்தப் படிக்கட்டுக்கு உரியவன் ஒருவன் பின்னர் அதே மேல்மாடத்துக்கு வந்து சேர்ந்தான். கொல்லன் ஒருவனின் மகனும், புத்தகம் கட்டும் தொழில் பயின்றவனுமான மைக்கல் பரடேயே அவன். 1812ஆம் ஆண்டில், கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் தந்த அனுமதிச் சீட்டுகளோடு சென்று, ஹம்பிறி டேவியின் நான்கு விரிவுரைகளை அவன் கேட்டான். கேட்டவற்றை எழுதி, தன் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பினான். மறு ஆண்டு அங்கேயே ஆய்வுகூட உதவியாளனானான். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து, மின்பிறப்பாக்கியின் அடிப்படைத் தத்துவத்தை உலகுக்கு அளித்தவனும் அவனே.

இக்கதையைத் தனிமனித முயற்சியின் வெற்றியாகவே பலரும் கூறுவர். அம்முயற்சியை நாம் மறுக்கவில்லை. ஆனால், அந்த வாடிக்கையாளர் அன்று கடைக்கு வராதிருந்தால்? சீட்டுக் கிடைக்காத எத்தனை பரடேக்கள் பசை தடவியும் தோல் வெட்டியும் மாண்டு போயினரோ! ஒருவரது தாராளத்தில் தொங்கும் வாய்ப்பை நீதியென்று கூற முடியாது. படிக்கட்டு இருந்திருப்பின் சீட்டே தேவைப்பட்டிராது.

அறிவு யாருக்கு, எவ்வழியாகச் சென்று சேரும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது என்பதற்கும் இக்கதையே சான்று. டேவியின் விரிவுரைகளைக் கேட்ட ஜேன் மார்செற் என்னும் பெண், பெண்களும் விளங்கிக்கொள்ளும் வகையில் இரசாயனத்தை உரையாடலாக எழுதி 1806இல் வெளியிட்டாள். கட்டுவதற்காகக் கடைக்கு வரும் நூல்களை வாசிக்கும் வழக்கமுடைய பரடே, அந்நூல் வழியாகவே இரசாயனத்தின் அடிப்படைகளை அறிந்தான். விஞ்ஞானப் பட்டத்துக்கு வழியில்லாத பெண் ஒருத்தி, பள்ளிப்படிப்பு வாய்க்காத தொழிலாளி ஒருவனுக்கு ஆசிரியை ஆனாள். இவ்விருவரையும் தகுதியற்றோரென ஒதுக்கியிருந்தால் நட்டம் யாருக்கு?

எல்லாருக்கும் சொல்லப் புகின் விஞ்ஞானம் மலினப்பட்டுவிடும் என்போர் உளர். பரடேயின் மெழுகுதிரி அவர்களுக்கு விடை கூறும். இளைஞருக்கான நத்தார் விரிவுரைகள் 1825இல் அக்கழகத்தில் தொடங்கின. பரடே அவற்றைப் பத்தொன்பது தடவை நிகழ்த்தினார். 1848இலும் 1860இலும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுதிரி. உருகிய மெழுகு திரியில் ஏறுவது எவ்வாறு? எரிவது மெழுகா, அதன் ஆவியா? சுடரின் நடுவே சிறு குழாயை வைத்து, அதன் மறுமுனையால் வரும் ஆவியைக் கொளுத்திக் காட்டினார். சுடருக்கு மேலே குளிர்ந்த கலத்தைப் பிடித்து, எரிதலில் நீர் பிறப்பதைக் காட்டினார். இறுதியில், நமது சுவாசமும் ஒருவகை எரிதலே என்று கொண்டு சென்று முடித்தார். இதில் மலினம் எங்கே? ஏழையின் வீட்டிலும் உள்ள பொருளிலிருந்து அவர் தொடங்கினார். ஆனால் உண்மையில் ஒரு பகுதியையும் ஒளிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1853இல், ஆவிகள் மேசையைச் சுழற்றுகின்றன என்ற நம்பிக்கை இங்கிலாந்தின் படித்தவர் நடுவே பரவியது. பரடே எளிய கருவியொன்றைச் செய்து, சுற்றியிருப்போரின் கைகளே அவர்கள் அறியாமல் மேசையைத் தள்ளுகின்றன என்று நிறுவினார். மண்டபங்களில் வேடிக்கை பார்த்துக் கைதட்டிய கூட்டம் சோதித்தறியும் பழக்கத்தைப் பெறவில்லை என்பது அவருக்குக் கவலை அளித்தது. வியப்பு வாயிலே அன்றி வீடாகாது. வாயிலில் மக்களை நிறுத்திவிட்டு அறிவைப் பரப்பிவிட்டோம் என்று பெருமை கொள்வதும், படிக்கட்டை இடிப்பதும் பயனளவில் ஒன்றே.

படிக்கட்டு கல்லால் மட்டும் ஆவதன்று. மொழியும் ஒரு படிக்கட்டே. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் இதனை உணர்ந்திருந்தார். மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதோடு, 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் மதப்பணிக்கென வந்தவர்தாம்; ஆயினும் உடற்கூற்றியல் தமிழில் இயலாது என்று கூறுவோருக்கு அவர் அன்றே பதிலளித்துவிட்டார்.

நத்தார் விரிவுரைகள் 1966 முதல் ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் இடம்பெற்று வருகின்றன. இடிக்கப்பட்ட படிக்கட்டு வேறொரு வடிவில் மீண்டும் எழுந்தது எனலாம். ஆனால் கடன் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. விஞ்ஞான விழா நடத்துவோர் வந்த கூட்டத்தை எண்ணிக் களிப்பதோடு நில்லாது, வராதவர் யார், ஏன் வரவில்லை என்றும் எண்ணுதல் வேண்டும். கட்டணமா, தூரமா, மொழியா, வேலை நேரமா அவர்களைத் தடுத்தது? ஆய்வுகூடத்தின் ஒவ்வொரு கண்ணாடிக் குழாயிலும் உழைப்பாளியின் மூச்சு இருக்கின்றது. அவனும் அவன் பிள்ளைகளும் அங்கே விருந்தினர் அல்லர், பங்காளிகள். பங்காளிக்கு வழிவிடுவதைத் தானம் என்று எவரும் கூறார்.