நிறைந்த ஆறும் வறண்ட குழாயும்

பருவமழை கொட்டி ஆறும் அணையும் நிரம்பிய பிறகும் தண்ணீருக்குக் கட்டுப்பாடு என்றால் எந்த வியாபாரிக்குத்தான் எரிச்சல் வராது? கிடங்கு நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு இல்லையென்பவனைப் பதுக்கல்காரன் என்கிறோம். நீர் நிர்வாகத்தையும் அப்படிச் சொல்லிவிடலாமா?

ஆயர் ஈத்தாம் என்றாலே மலாயில் கறுந்தண்ணீர். அது பெயரோடு நிற்கட்டும்! பக்கத்துச் சிம்பாங் ரெங்கத்தில் 2019-இல் நடந்ததைக் கவனியுங்கள். குப்பைமேட்டின் கசிவால் பெனூட் ஆற்றில் அம்மோனியா கலந்து, சுத்திகரிப்பு நிலையத்தைப் பலமுறை மூட நேர்ந்தது. மழையால் தீரும் வியாதியா இது? மேட்டில் ஊறும் மழைநீர்தானே கசிவாக வெளியேறுகிறது! மண்ணெண்ணெய் கொட்டிய அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும் நல்ல கடைக்காரர் அதை நிறுக்க மாட்டார்.

ஆகவே கட்டுப்பாடே அநியாயமன்று. காரணத்தை மறைத்தால்தான் அநியாயம். நீரில் என்ன கலந்தது, நிலையம் என்று திறக்கும் என்பதெல்லாம் தராசு முள்ளைப் போல ஜனங்களின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதைக் கேட்க நமக்கு உரிமையுண்டு.

ஆனால் குப்பைமேட்டுக்குப் போவது யாருடைய குப்பை? அழுகின காய்கறியும் மீன்கழிவும் மக்கினால் அம்மோனியா பிறக்கும். அவற்றை அன்றாடம் கூடை கூடையாகக் கொட்டுகிறவர்களில் நாமும் சேர்த்திதானே? பிரித்துப் போட ஓர் ஆளும் சில வெள்ளியும் செலவாகும். அந்தச் செலவை இதுவரை நம்மில் எத்தனை பேர் கணக்கில் எழுதியிருக்கிறோம்?