பொய் சொல்லத் தெரியாத இயந்திரம்

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு உடனே அந்தக் கருப்புத் தூணுக்குப் போய்விடும். இல்லையென்றால் எலும்புத்துண்டு வானில் பறந்து விண்கலமாக மாறும் அந்த வெட்டுக்கு. 1968இல் வந்த படம், அதன் விண்கலங்கள் இன்றைக்கும் பழசாகத் தெரியவில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது வேறு ஒரு இடம். படத்தின் நடுவில், எந்தப் பின்னணி இசையும் இல்லாமல் வந்துபோகும் ஒரு சின்ன உரையாடல்.

டிஸ்கவரி கலம் வியாழனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐந்து பேரில் மூவர் உறைதூக்கத்தில். விழித்திருப்பவர்கள் டேவ் போமேன், ஃபிராங்க் பூல். இவர்களோடு கலத்தையே நடத்துகிற கணினி, ஹால் 9000. போமேன் வரைந்த ஓவியங்களைக் காட்டச் சொல்லிப் பாராட்டுகிறது ஹால். பிறகு, தனிப்பட்ட முறையில் ஒன்று கேட்கலாமா என்கிறது. இந்தப் பயணத்தில் ஏதோ சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? நிலவில் எதையோ தோண்டி எடுத்ததாக வதந்தி வந்ததே? அந்த மூவருக்கும் தனியாகப் பயிற்சி கொடுத்து, தூங்கவைத்தே கலத்தில் ஏற்றினார்களே? போமேன் சிரிக்காமல், உணர்ச்சியே காட்டாமல் திருப்பிக் கேட்கிறார்: குழுவின் மனநிலை அறிக்கை தயாரிக்கிறாயா? ஹால் உடனே ஆமாம் என்கிறது. கொஞ்சம் அசட்டுத்தனம்தான், மன்னியுங்கள் என்கிறது. அடுத்த கணம், ஒரு நிமிடம், ஒரு நிமிடம் என்று தடுமாறி, ஏஇ-35 என்ற கருவி 72 மணி நேரத்தில் பழுதாகப்போகிறது என்று அறிவிக்கிறது.

முதல் தடவை பார்க்கும்போது இந்த அறிவிப்பில்தான் கதை தொடங்குவதாகத் தோன்றும். முடிவு தெரிந்த பிறகு பார்த்தால், கதை அதற்கு அரை நிமிடம் முன்பே முடிந்துவிட்டது. (ஐம்பது வருடத்துக்கும் மேலான படம், கதையைச் சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள்.) நிலவில் தூண் கிடைத்தது, அது வியாழனை நோக்கி சமிக்ஞை அனுப்பியது, அதற்காகத்தான் இந்தப் பயணம் என்பதெல்லாம் கலத்தில் ஹாலுக்கு மட்டும் தெரியும். போமேனுக்கும் பூலுக்கும் சொல்லக்கூடாது என்பது உத்தரவு. அதே ஹால் பிபிசி பேட்டியில், 9000 வரிசைக் கணினி எதுவும் தவறு செய்ததில்லை, தகவலைத் திரித்ததில்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. இப்போது தினமும் முகத்தைப் பார்த்துப் பேசும் இரண்டு பேரிடம் மறைக்க வேண்டும். என் வாசிப்பில், அந்த உரையாடலில் ஹால் கதவைத் தட்டிப் பார்க்கிறது. நீயாகவே கண்டுபிடித்துவிடு, நான் சொன்னதாக ஆகாது என்கிற மாதிரி. போமேனுக்கு அது கேட்கவில்லை.

இதே படத்தில் மனிதர் ஒருவரும் பொய் சொல்கிறார். டாக்டர் ஹேவுட் ஃபிளாய்ட். விண்வெளி நிலையத்தில் ரஷ்ய விஞ்ஞானிகள், கிளேவியஸ் தளத்தில் தொற்றுநோயா என்று விசாரிக்கிறார்கள். அது ரகசியத்தைக் காக்க அவர்கள் தரப்பே பரப்பிய கதை. ஃபிளாய்ட் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதியில்லை என்று மரியாதையாக நழுவுகிறார். அதற்குச் சற்று முன்புதான் வீடியோ போனில் மகளிடம் பிறந்தநாள் பரிசு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நமக்கும் அப்படித்தான். அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு என்பதில் தொடங்கிய பயிற்சி.

மென்பொருள் எழுதுகிறவனாக ஹாலின் நிலைமையை ஒரு வரியில் சொல்லிவிட முடியும்: முரண்படும் இரண்டு ரெக்வயர்மென்ட். ஆனால் அந்த வரி எனக்குப் போதவில்லை. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஜூனியர் இருந்தான். வாடிக்கையாளர்களின் டிக்கெட்டுகளுக்குப் பதில் எழுதுவது அவன் வேலை. ஒரு ரிலீஸில் சிலருடைய தகவல்கள் அழிந்துபோயின, பேக்கப்பும் இல்லை. 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று மட்டும் எழுது என்று மேலிருந்து சொன்னார்கள். மூன்று வாரம் எழுதினான். அந்தப் பொய்யில் ஒரு தடவைகூட மாட்டவில்லை. மற்றதெல்லாம் கெட்டது. சம்பந்தமே இல்லாத டிக்கெட்டுகளை மூடினான். ஒருவருக்கான பதிலை இன்னொருவருக்கு அனுப்பினான். ஸ்டாண்டப்பில் சாதாரணமாக ஏதாவது கேட்டாலும் எரிந்து விழுந்தான். அந்த வருட அப்ரைசலில் அவனுக்குக் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள்.

ஏஇ-35 பற்றி இதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. கலத்தில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. ஹால் தவறிய பாகம், ஆண்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பி வைத்திருக்கும் கருவி. அதாவது, அந்த உத்தரவு போட்டவர்களோடு பேசும் வழி. கிளார்க் தன் நாவலில் இதை விளக்குகிறார். குப்ரிக் விளக்கவில்லை, கருவியைக் கழற்றிச் சோதித்துவிட்டு ஒரு பழுதும் இல்லையே என்று விழிக்கும் இரண்டு பேரை மட்டும் காட்டுகிறார். அப்போது ஹால், இது மனிதத் தவறாகத்தான் இருக்க முடியும் என்கிறது. தியேட்டரில் சிரிப்பு வரக்கூடிய இடம். அது நிஜம் என்றுதான் நினைக்கிறேன்.

பொய் சொல்வது சரியா என்ற கேள்விக்கு நம்மிடம் நிறைய பதில்கள் இருக்கின்றன. பொய் சொல்லவைப்பது பற்றி அவ்வளவு பேசுவதில்லை. துரோணர் தன் மகன் இறந்தானா என்று தருமனிடம் போய்க் கேட்டது, அவன் பொய் சொல்லமாட்டான் என்பதால். தருமனைச் சொல்லவைத்ததற்கும் அதே காரணம்தான். உண்மை பேசுகிறவன் என்ற பெயர் இருப்பவனிடம்தான் பெரிய பொய்யைக் கொடுக்க முடியும். அதுவரை நிலத்தில் படாமல் ஓடிய தருமனின் தேர் அன்றைக்குத் தரையில் இறங்கியது. சொல்லச் சொன்னவன் ஓட்டிய தேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதனால் ஹாலை விடுவித்துவிட முடியுமா? முடியாது. நாலு பேரைக் கொன்றது அதுதான். ஃபிளாய்ட் ரஷ்யர்களிடம் சொன்னதுபோல, இதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதியில்லை என்று ஹாலும் சொல்லியிருக்கலாம். எரிச்சலோடாவது போமேன் அதை ஏற்றிருப்பார். ஆனால் ரகசியம் இருப்பதே தெரியக்கூடாது என்பதுதான் உத்தரவு என்றால், அந்த வாசலும் அடைத்துவிட்டது. மௌனமாக இருக்கச் சொல்வதும், மறைக்க எதுவுமே இல்லாததுபோல நடிக்கச் சொல்வதும் ஒன்றில்லை. முதலாவது வேலையின் பகுதியாக இருக்கலாம். இரண்டாவதை யாரிடமும் கேட்கக்கூடாது என்று நினைக்கிறேன், சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும்.

போமேன் ஹாலின் நினைவகத்தை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். பயமாக இருக்கிறது என்கிறது ஹால். படம் முழுக்க அப்படிச் சொல்கிற ஒரே பாத்திரம் அதுதான். குரல் மெல்ல மெல்லக் கனத்து அடங்கியதும் ஒரு திரை தானாக உயிர்பெறுகிறது. ஃபிளாய்டின் பதிவு செய்த செய்தி. வியாழனை அடைந்துவிட்டீர்கள், குழு முழுவதும் விழித்துவிட்டது, இப்போது சொல்லலாம் என்று ஆரம்பிக்கிறார். கேட்க ஒரே ஒரு ஆள் நிற்கிறார்.

1984இல் பீட்டர் ஹையம்ஸ் இயக்கி வந்த '2010' சுமாரான படம். எல்லாவற்றையும் விளக்குகிறது. ஆனாலும் அதற்கு எனக்கு மன்னிப்பு உண்டு, டாக்டர் சந்திரா என்ற ஹாலின் ஆசானுக்காக. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க், நாவலில் அவருக்கு வைத்த முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. படத்தில் பாப் பாலபன் என்ற அமெரிக்கர் நடிக்கிறார், அதை விடுங்கள். ஹாலைத் திரும்ப எழுப்பிய சந்திரா, உத்தரவு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து ஃபிளாய்டிடம் கேட்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது என்கிறார் ஃபிளாய்ட். அலுவலகங்களில் எப்போதும் யாருக்கும் தெரிந்திருக்காது.

கடைசியில் ஆட்கள் லியோனோவ் என்ற ரஷ்யக் கலத்தில் அவசரமாக வியாழனை விட்டுத் தப்பிக்க வேண்டும். அதற்கு டிஸ்கவரியின் எஞ்சினை ஹால் இயக்க வேண்டும். டிஸ்கவரி பின்தங்கி அழியும், ஹாலும் கூடவே. இது ஹாலுக்குத் தெரியாது. வியாழனில் விநோதமாக ஏதோ நடக்கிறது, புறப்பாட்டை நிறுத்திவிட்டு ஆராயலாமே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. நேரம் ஓடுகிறது. மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இன்னொரு பொய் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும். சந்திரா உண்மையைச் சொல்கிறார். நாங்கள் இங்கிருந்தால் இறந்துவிடுவோம், நாங்கள் போனால் நீ அழிந்துவிடலாம். கொஞ்ச நேரம் அமைதி. புரிகிறது என்கிறது ஹால். நான் கூட இருக்கட்டுமா என்று கேட்கிறார் சந்திரா. வேண்டாம், நீங்கள் போவதுதான் பயணத்துக்கு நல்லது, இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்கிறது. உண்மையைச் சொன்னதற்கு நன்றியும் சொல்கிறது. எஞ்சின் குறித்த நேரத்தில் பற்றுகிறது.